நிவாரணப் பணி முடிந்து திரும்பிய பணியாளர்களை ஒன்றாக உட்காரவைத்து மனத்தில் உள்ளதைக் கொட்டச் சொல்வது சரியா?

கேள்வி: அடிவாரத்துக்காரி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளத்தில் பதினான்கு பேர், நாள் கூலிக்கு வண்டி ஓட்டும் மூவர், கூப்பிட்டால் ஓடிவரும் தன்னார்வலர்கள் இருபது முப்பது பேர், இவ்வளவுதான் நாங்கள். வழக்கமான நாள்களில் ஏற்காட்டு மலைக் கிராமங்களில் தாய்சேய் நலம் பார்ப்பதும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை மீண்டும் சேர்ப்பதும் எங்கள் வேலை. எங்காவது வெள்ளம், புயல் என்றால் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு நிவாரணத்துக்குக் கிளம்பிவிடுவோம்.

2024ஆம் ஆண்டில் அப்படி இரண்டு முறை கிளம்பினோம். ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போனபின், எங்களில் நால்வர் மேப்பாடி முகாம்களில் பதினொரு நாள் இருந்தார்கள். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊத்தங்கரைப் பக்கம் ஒரு குழு போனது. அதே நாள்களில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட, மேலே இருந்த எங்கள் பணியாளர்கள் இருவர் கீழே இறங்க முடியாமல் அங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். அவ்விருவரும் மலையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவர், தன் வீட்டு ஓடு பெயர்ந்து கிடக்கும்போது அடுத்த வீட்டுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எல்லோரும் நல்லபடியாகத் திரும்பிவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் மாதங்கள் போகப் போகச் சில மாற்றங்கள் கண்ணில் படுகின்றன. பொருள் பதிவேட்டில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுபவர் இப்போது ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கிழவிகளின் மூட்டையைத் தானே சுமந்து கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒருவர், “இவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் பத்தாது” என்று மக்கள் காதில் விழும்படியே பேசுகிறார். மே மாதக் கோடை மழை இடியோடு பெய்த அன்று, கூட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து வெளியே போனவர் திரும்பி வரவில்லை. இன்னொருவர் வேலையை விட்டே போய்விட்டார்.

இதை நிர்வாகக் குழுவில் சொன்னேன். அவர்கள் அக்கறையோடு கேட்டார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஏற்காட்டில் ஒரு விடுதி எடுத்து ஒரு நாள் முகாம் நடத்தலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். காலையில் யோகா, மதியத்துக்கு மேல் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தாம் கண்ட மிக மோசமான காட்சியைச் சொல்ல வேண்டும், வெளியிலிருந்து வரும் பேச்சாளர் அதை நடத்துவார், கட்டாயம் அனைவரும் வர வேண்டும் என்பது திட்டம். அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை, மேப்பாடிக்குப் போன குழுவில் இருந்த இளம்பெண் என்னைத் தனியாகப் பார்த்து, “அக்கா, நான் வரலேன்னா வேலைக்கு ஏதாச்சும் பிரச்சினை ஆகுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்படி எல்லோரையும் சொல்லவைப்பது நல்லதா? இல்லையென்றால் எங்களைப் போல் கையில் காசு அதிகம் இல்லாத நிறுவனம் வேறு என்ன செய்ய முடியும்? இந்த வேலையில் இருந்தவர்கள், இருப்பவர்கள் விரிவாக எழுதினால் அதை அப்படியே நிர்வாகக் குழுவின் முன் வைப்பேன்.

பதில்: செவ்வாய்ப்பேட்டை சமூகப் பணியாளர்

வணக்கம் அம்மா. நான் மனநலத் துறையில் சமூகப் பணியாளராகப் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உங்களிடம் அந்தப் பெண் கேட்ட கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. வராவிட்டால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற அச்சத்தோடு ஒருவர் வந்து உட்காரும் இடத்தில் ஆறுதல் கிடைக்காது.

கோரமான நிகழ்வைக் கண்டவர்களைக் கூட்டி, ஒரே அமர்வில் கண்டதையும் உணர்ந்ததையும் முழுவதுமாகச் சொல்லவைக்கும் முறை 1980களில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, பின்னர் உலகெங்கும் பரவியது. நல்ல எண்ணத்தில் உருவானதுதான். ஆனால் காக்ரேன் அமைப்பு ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்ட மறுஆய்வில், இத்தகைய ஒற்றை அமர்வு பிற்காலப் பாதிப்பைத் தடுக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஓர் ஆய்வில், அந்த அமர்வில் கலந்துகொண்டவர்களுக்கே ஓராண்டுக்குப் பின் பாதிப்பு கூடுதலாக இருந்தது. கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்பது அந்த மறுஆய்வின் முடிவுகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைப்பதில்லை. களப்பணியாளர்களுக்காக அந்நிறுவனம் 2011இல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, பார், கேள், இணைத்துவிடு என்ற மூன்று சொற்களில் அடங்குகிறது. அதில் கேட்பது என்றால் தானாகச் சொல்ல வருபவரின் அருகில் இருப்பது; தோண்டித் துருவுவது அன்று. வட்டத்தில் உட்காரும் மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். ஊத்தங்கரைக்குப் போனவர் மேப்பாடியின் காட்சிகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்.

ஏற்காட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். காற்றாட ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டும். அந்த மதிய நிகழ்ச்சி மட்டும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக நீங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். அலுவலக மேசைக்கு எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். அது விசாரணை போல ஆகிவிடும். தேநீர்க் கடைக்கு நடந்து போகும்போது கேளுங்கள். “மனசு எப்படி இருக்கு?” என்று தொடங்கினால் நம் ஊரில் யாரும் “நல்லா இருக்கேன்” என்பதற்கு மேல் சொல்வதில்லை. தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, தலை பாரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். நம் மக்கள் துயரத்தை உடம்பின் வழியாகத்தான் சொல்லத் தொடங்குவார்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் “அசதி”, “நெஞ்சு படபடப்பு”, “கழுத்து பிடிச்சிருக்கு” என்றுதான் தொடங்குகிறார்கள்.

நிகழ்வு நடந்த முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், காட்சி கண்முன் வந்துபோவதும் இயல்பு. பெரும்பாலோர் தாமாகவே மீண்டுவிடுவார்கள். ஆனால் மாதங்கள் கடந்தபின்னும் இடிச் சத்தத்துக்கு ஒருவர் எழுந்து போகிறார் என்றால், அவர் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய நடுவணரசின் சேவை அது, தமிழில் பேசலாம். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதை மட்டும் பார்த்தால் விட்டுவிடாதீர்கள். மதுவும் அப்படித்தான், முதல் வாரம் தூங்கவைக்கும், மூன்றாம் மாதம் அதுவே தூக்கத்தைத் தின்னும்.

யாரேனும் “இருந்து என்ன ஆகப்போகுது” என்பது போலப் பேசினால், உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணியாளர் ஆலோசகரிடம் என்ன பேசினார் என்று நீங்களோ நிர்வாகமோ ஒருபோதும் கேட்கக் கூடாது. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கு வேண்டுமானால் கேட்கலாம். ஒருவரின் பேச்சு ஒருமுறை வெளியே கசிந்துவிட்டால், அதன்பின் உங்கள் நிறுவனத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பதில்: சில்வர் ஓக் நிழல்

மேலே எழுதியவர் மருத்துவப் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் களத்தின் பக்கத்தைச் சொல்கிறேன். இப்போது ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கிறேன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் பதினாறு மாதம் நிவாரணப் பணியில் இருந்தவன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட மாவட்டம் அது.

வெளியில் இருப்பவர்கள், பிணங்களைப் பார்த்ததுதான் எங்களை வாட்டியிருக்கும் என்று எண்ணுவார்கள். அதுவும் உண்டு. ஆனால் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் என் கனவில் வருவது ஒரு பட்டியல். ஒரு குப்பத்துக்கு 120 பெட்டி வந்தது. பாத்திரம், பாய், போர்வை, அரிசி அடங்கிய பெட்டி. வரிசையில் 140 குடும்பம். எந்த இருபது குடும்பம் வெறுங்கையோடு போக வேண்டும் என்று முடிவெடுக்கச் சொல்லி, பட்டியலையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டு எங்கள் நிறுவனத்தின் மேலாளர் வண்டியில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அப்போது வயது 24. பெயர் அடிக்கப்பட்ட ஒரு தாய் என்னை ஏசவில்லை. “சரி தம்பி” என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டோக்கனை நான்காக மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

நிவாரணப் பணியாளரின் மனம் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் உறுதியான எண்ணம். தான் சரியென்று நம்புவதைச் செய்ய முடியாமல், பிறர் எடுக்க வேண்டிய முடிவின் பழியைத் தான் சுமந்து, மக்களின் முகத்துக்கு நேரே நிற்கிறானே, அங்கே உடைகிறான். உங்கள் பணியாளர் “எவ்வளவு குடுத்தாலும் பத்தாது” என்று பேசுவதைக் கெட்ட குணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை, இல்லை என்று நூறு பேரிடம் சொன்னவன், அவர்கள் கேட்பதே தவறு என்று நம்பத் தொடங்கினால்தான் அவனால் இரவில் உறங்க முடியும். என்னிடமும் அந்தப் பேச்சு வந்தது. நீடித்த பணி அழுத்தம் சரியாகக் கையாளப்படாதபோது வரும் பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்று கூறுகளில், தன் வேலையிலிருந்தே மனம் விலகிக் கசந்துபோவதும் ஒன்று. அந்நிறுவனம் அதை நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிலையாகவே பட்டியலில் வைத்திருக்கிறது. எனவே அவரை மட்டும் மருந்துக்கு அனுப்பிவிட்டு, அவர் நின்ற வரிசையையும் பிடித்த பட்டியலையும் அப்படியே வைத்திருந்தால் அடுத்த புயலில் இன்னொருவர் அதே இடத்தில் உடைவார்.

அடுத்து நான் சேர்ந்த குழுவின் தலைவர் வேறு மாதிரியானவர். அவரிடமிருந்து கற்றவற்றைச் சொல்கிறேன். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை. யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்ற விதியை முதல் நாள் இரவே அலுவலகத்தில் முடிவு செய்து, பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வரிசையின் முகப்பில் வைப்பார். பொருள் குறைந்தால் இல்லை என்று சொல்லும் வேலையைத் தானே செய்வார். இளையவர்களை அந்த இடத்தில் நிற்கவைக்க மாட்டார். பட்டியல் மேசையில் ஒருவர் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது, மூன்றாம் நாள் அவருக்குக் கிடங்கு வேலை. இரவு ஒன்பதுக்கு மேல் களப்பணியாளரின் கைபேசிக்கு மக்களின் அழைப்பு வராது. பொது எண் ஒன்று இருந்தது, அதை முறை வைத்து எடுத்தோம். அந்தத் தலைவர் தானும் பத்து நாளைக்கு ஒருமுறை விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவார். அவர் போனதால்தான் நாங்கள் கூசாமல் விடுப்புக் கேட்டோம்.

உங்கள் மலைப் பணியாளரைப் பற்றிப் படித்தபோது மனம் கனத்துப் போனது. உள்ளூர்ப் பணியாளர் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டவராகவும் உதவுபவராகவும் இருக்கிறார். இலங்கையின் வடக்கே போருக்குப் பின், அம்மண்ணையே சேர்ந்த நிவாரணப் பணியாளர்கள் 398 பேரிடம் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் பதற்றத்தின் அறிகுறிகளும் காணப்பட்டன. அவர் வீட்டு ஓட்டை முதலில் மாற்றிக் கொடுங்கள். அதை ஆலோசனைக்கு முன்னால் செய்யுங்கள்.

பதில்: வேதாரண்யம் சென்றவன்

இருவரும் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் கூடிப் பேசுவதே கூடாது என்ற எண்ணம் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் சேலத்திலிருந்து வேதாரண்யம் சென்ற தன்னார்வலர் குழுவில் நான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின், சாய்ந்து கிடந்த ஒரு தென்னையின் மேல் வரிசையாக உட்கார்ந்து கால் மணி நேரம் பேசுவோம். அந்தக் கால் மணி நேரம் இல்லாமல் இருந்திருந்தால் நான் மூன்றாம் நாளே பேருந்து ஏறியிருப்பேன். அன்று நான் அழுதேன் என்றால், மறுநாள் காலை என் பங்கு மூட்டையை இன்னொருவன் தூக்கினான்; யாரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

பதில்: செவ்வாய்ப்பேட்டை சமூகப் பணியாளர்

நீங்கள் சொல்வதோடு முழுமையாக உடன்படுகிறேன், ஐயா. நான் வேண்டாம் என்றது வேறு, நீங்கள் சொல்வது வேறு. கூட வேலை செய்தவர்களோடு, அன்றன்று, விரும்பினால் பேசலாம், விரும்பாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்ற நிலையில், மறுநாள் யாருக்கு ஓய்வு என்ற முடிவோடு எழுவது நல்ல குழுவின் அடையாளம். சக பணியாளரின் துணை பாதிப்பைத் தாங்கும் வலிமையைக் கூட்டுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. முன்பின் தெரியாத பேச்சாளர், பல மாதங்கள் கழித்து, வருகைப் பதிவேடு வைத்து நடத்துவது அதே பலனைத் தராது. அம்மா, அடுத்த முறை களத்துக்குப் போகும்போது இந்தத் தென்னை மர வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஐந்து ரோடு கணக்கர்

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் பணத்தைப் பற்றி எழுதுகிறேன். மனநலம் பற்றிய உரையாடலில் வவுச்சரைப் பற்றி எழுதுவது பொருத்தமா என்று தயங்கினேன். ஆனால் நான் கண்டவரையில், பணியாளர்களின் மனக்கசப்பில் பெரும்பங்கு கணக்குப் பிரிவில்தான் உற்பத்தியாகிறது. ஒரு நிறுவனத்தில் புயல் நேரத்தில் ஒரு களப்பணியாளர் தன் கைக்காசு 4,300 ரூபாயை டீசலுக்கும் பாலுக்கும் செலவழித்திருந்தார். வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்த ரசீதுகளை இஸ்திரி போட்டு உலர்த்திக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்து தெரியவில்லை என்று ஐந்து மாதம் அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டது. அவருக்கு எந்த ஆலோசகர் என்ன ஆறுதல் சொன்னாலும், அந்த ரசீதுதான் அவர் நெஞ்சில் நிற்கும். பேரிடர் நேரத்தில் ரசீது இல்லாத சிறு செலவுக்குக் குழுத்தலைவரின் கையொப்பம் போதும் என்று ஒரு வரம்பு வைத்துத் தீர்மானம் போடுங்கள். பத்து நாளுக்குள் பணம் திரும்பக் கிடைக்கச் செய்யுங்கள்.

திட்ட மதிப்பீடு எழுதும்போதே பணியாளர் நலனுக்கு ஒரு தலைப்பு எழுதிவிடுங்கள். ஈடுசெய் விடுப்பின் போது மாற்றாள் கூலி, ஆலோசகர் கட்டணம், பயணப்படி ஆகியவற்றை அதில் காட்டலாம். நன்கொடையாளர் கேள்வி கேட்டால், ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட, பேரிடர்க்கால மனநல ஆதரவுக்கான வழிகாட்டு நெறிகளிலேயே பணியாளர், தன்னார்வலர் நலனுக்குத் தனிப் பகுதி இருக்கிறது என்று சுட்டிக் காட்டுங்கள். வெளிநாட்டு நிதி பெறுபவர்களுக்கு 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது; ஆகவே எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று உங்கள் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

குழுக் காப்பீடு எடுத்திருந்தால் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 21ஆம் பிரிவில் சொல்கிறது. பலருக்கு இது தெரியாததால் கேட்பதே இல்லை.

உங்கள் பதிவில் நாள் கூலிக்கு வண்டி ஓட்டும் மூவரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த முகாமுக்கு அவர்கள் அழைக்கப்பட்டிருக்கிறார்களா?

பதில்: குரங்குச்சாவடி வாசகி

கணக்கர் ஐயா கேட்ட கடைசிக் கேள்விக்காகவே இந்தத் தளத்தில் முதல்முறையாக எழுதுகிறேன். என் கணவரும் இப்படி ஒரு நிறுவனத்துக்கு நாள் கூலிக்கு வண்டி ஓட்டுபவர். ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மழைக்காலத்தில் மண்ணும் பாறையும் விழுந்து கிடந்த வழியில் பொருள் ஏற்றிக்கொண்டு போய்வந்த பிறகு, மேலே ஏறும்போது வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி இறங்கி, மேட்டைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுத்தான் மீண்டும் ஏறுகிறார். வண்டியில் இருப்பவர்கள் அவர் புகைபிடிக்க இறங்குவதாக நினைக்கிறார்கள். அவருக்குப் புகைப் பழக்கமே கிடையாது.

பணியாளர்கள் பேசிக்கொள்வதையெல்லாம் முன்னிருக்கையில் இருந்து அவர் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார். அவர்களுடைய கூட்டத்தின்போது அவர் வெளியே வண்டியில் இருப்பார். ஓய்வு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. உங்கள் நிறுவனத்தில் அந்த மூவரின் வீட்டிலும் என்னைப் போல் யாரோ ஒருத்தி இருப்பாள். அவளுடைய கைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி மலையில் மாட்டிக்கொண்ட இரவில் எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விடியும் வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பதில்: அடிவாரத்துக்காரி

உங்கள் அனைவருக்கும் என் நன்றி. சகோதரி, உங்கள் பதிலைப் படித்துவிட்டு வெகுநேரம் எதையும் எழுத முடியவில்லை. முகாமுக்கான பட்டியலில் எங்கள் ஓட்டுநர்களின் பெயர் இல்லை. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

இந்தப் பதில்களை அச்செடுத்துக் கடந்த சனிக்கிழமை நிர்வாகக் குழுவில் வைத்தேன். முழுவதும் ஏற்கப்படவில்லை. விடுதிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதால் ஏற்காடு போவது உறுதி. ஆனால் மதிய நிகழ்ச்சி நீக்கப்பட்டது, வருவதும் வராததும் அவரவர் விருப்பம், வராதவர்களுக்கு அன்று சம்பளத்தோடு விடுப்பு. ஓட்டுநர் மூவருக்கும் அன்றைய கூலி உண்டு. அவர்கள் வண்டி ஓட்டாமல் எங்களோடு பேருந்தில் வருவார்கள். பேரிடர்ப் பணியில் ஏழு நாளுக்கு ஒரு நாள் என்று ஈடுசெய் விடுப்புக் கேட்டேன். பத்து நாளுக்கு ஒன்று என்று ஒப்புக்கொண்டார்கள். பேச்சாளருக்கு ஒதுக்கிய தொகையில் ஓர் ஆலோசகரை ஆறு மாதத்துக்கு, மாதம் இருமுறை, அலுவலகத்துக்கு வெளியே ஏற்பாடு செய்யப் போகிறோம். தொடர் நிதி பற்றி இன்னும் முடிவில்லை. ரசீது வரம்பைப் பொருளாளர் ஏற்க மறுத்துவிட்டார். அடுத்த மாதம் மீண்டும் கேட்பேன்.

அந்தப் பெண்ணிடம், வராவிட்டால் எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். அன்று மாலை ஐந்தரைக்கு நாங்கள் இருவரும் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு கோரிமேடு வரை நடந்தோம். நான் தூக்கத்தைப் பற்றிக் கேட்டேன். மேப்பாடியில் குழந்தைகளின் செருப்புகளைப் பிரித்து அடுக்கும் வேலை தனக்குக் கொடுக்கப்பட்டதாகச் சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மருத்துவமனைக்குத் துணைக்கு வர முடியுமா என்று அவளே கேட்டிருக்கிறாள், போகிறோம்.

மலைப் பணியாளரின் வீட்டு ஓட்டுக்குக் கொத்தனாரைப் பேசியாகிவிட்டது.

சில்வர் ஓக் ஐயா, உங்கள் குழுத்தலைவர் வரிசையின் முகப்பில் வைத்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் நாங்களும் ஒன்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பதில்: சில்வர் ஓக் நிழல்

நன்றாக நினைவிருக்கிறது அம்மா. பல ஊர்களில் நானே சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறேன். எண்கள் மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

“இன்று வந்துள்ள பெட்டி 120. முதலில் கைக்குழந்தை உள்ள வீடு, அடுத்து முதியவர் தனியே இருக்கும் வீடு, அடுத்து வீட்டை முழுதாக இழந்தவர். இன்று கிடைக்காதவர்களின் பெயர் நாளைய பட்டியலில் முதலில் வரும். பட்டியலை முடிவு செய்தது அலுவலகம். இங்கே நிற்கும் பிள்ளைகள் அல்லர். குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் மாலை ஆறு மணி வரை இந்த மரத்தடியில் இருப்பேன்.”

அதன் கீழே அவருடைய பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். ஆறு மணி வரை அவர் அங்கேயே இருப்பார்.